1/3 டாலர் போக்கர் மேஜை: ஆடும் முறையும், சீட்டு காலை வாரும்போது செய்ய வேண்டியதும்

அமெரிக்க கேசினோக்களில் நோ-லிமிட் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து; எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம்) ஆட்டத்தின் கீழ்ப்படி பெரும்பாலும் 1/2 அல்லது 1/3 டாலர் மேஜைதான். 1/3 என்றால் சின்ன பிளைண்ட் 1 டாலர், பெரிய பிளைண்ட் 3 டாலர்; சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகைகள் இவை. 300 டாலருக்குச் சிப் வாங்கி உட்கார்வது வழக்கம். லாஸ் வேகாஸானாலும் சான் ஹோசேயானாலும் எதிரே இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே ரகம். வேலை முடிந்து வந்தவர், ஓய்வுபெற்றவர், ஊர் சுற்ற வந்த இடத்தில் இரண்டு மணி நேரம் ஆட உட்கார்ந்தவர். யாரும் ஃபோல்ட் செய்வதற்காக (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதற்காக) கார் ஓட்டிக்கொண்டு வரவில்லை. அதனால் கால் செய்கிறார்கள் (எதிராளி கட்டிய தொகைக்கு ஈடாகப் போடுகிறார்கள்), கையில் எது இருந்தாலும் கால் செய்கிறார்கள். இந்த மேஜையில் கிடைக்கும் லாபம், வயிற்றெரிச்சல் இரண்டுக்கும் ஊற்று அதுதான். தப்பான சீட்டோடு கால் செய்கிறவர்தான் உங்களுக்குப் பணம் தருகிறவர். கடைசிச் சீட்டில் உங்களை அடிப்பவரும் அவரேதான். இதை மனதில் வாங்கிக்கொள்ளாமல் கற்கும் எந்த உத்தியும் முதல் பெரிய அடியோடு காணாமல் போய்விடும்.

(தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. கீழே உள்ளது முழுக்க, அனுமதி உள்ள ஊரில் டீலர் சீட்டுப் போடும் நேரடி மேஜைக்கானது.)

நல்ல கை ஏன் இத்தனை முறை தோற்கிறது

கையில் ஏஸ்-ஏஸ். எதிரே ஒரே ஒருவர், அவரிடம் எந்த இரண்டு சீட்டும் இருக்கலாம். ஐந்து சீட்டும் விழுந்து முடியும்போது நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 85 சதவீதம். எதிரே இருவர் என்றால் 73, மூவர் என்றால் 64, நால்வர் என்றால் 56. அதாவது ஆட்டத்திலேயே சிறந்த கை, நான்கு பேர் உள்ளே வந்துவிட்டால் கிட்டத்தட்ட பாதி முறை தோற்கும்.

இப்போது பணத்தைப் பாருங்கள். 20 டாலர் ரெய்ஸுக்கு (பந்தயத்தை உயர்த்துவதற்கு) ஒருவர் மட்டும் வந்தால் 40 டாலரில் உங்கள் பங்கு 34, போட்டது போக 14 மிச்சம். நால்வர் வந்தால் 100 டாலரில் உங்கள் பங்கு 56, மிச்சம் 36. தோல்வி கூடுகிறது, வரவும் கூடுகிறது. ‘ஏஸ் ஜோடி எனக்கு ராசியே இல்லை’ என்று மேஜையில் புலம்புகிறவர் பார்ப்பது முதல் கணக்கை மட்டும்தான்.

ஆனாலும் நால்வரை வரவழைப்பது நல்ல திட்டமில்லை. ஃபிளாப்புக்கு (மேஜையில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டு) பிறகு எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போகும், ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு பெரிய பாட்டில் (‘பாட்’ என்பது நடுவே சேரும் பணம்) மாட்டிக்கொள்வீர்கள். ஒருவர் அல்லது இருவர் மட்டும் வரும் விலையை வைப்பதுதான் குறி. 1/3 மேஜையில் அந்த விலை பெரும்பாலும் 15 டாலர். உங்களுக்கு முன்னால் வெறும் 3 டாலர் போட்டு உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் 3 முதல் 5 டாலர் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் அப்படி வந்திருந்தால் 25 அல்லது 30. மேஜையே 25 டாலருக்குக் கால் செய்யும் மேஜை என்றால் 35 போடுங்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்தில் 10 டாலர் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

எதை ஆடுவது, எதை விடுவது

பிளைண்டுக்கு அடுத்த முதல் மூன்று இருக்கைகளில் 8-8க்கு மேலான ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே சூட்டில் (ஒரே சின்னத்தில்) ஏஸ்-ஜாக் அல்லது கிங்-குயின். அவ்வளவு போதும். பட்டனை (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இருக்கை) நெருங்க நெருங்க விரித்துக்கொள்ளலாம். கிங்-ஜாக், ஏஸ்-9 போன்றவை பார்க்க அழகாக இருக்கும்; முன் இருக்கையிலிருந்து ஆடினால், டாப் பேர் (மேஜையிலுள்ள பெரிய சீட்டோடு ஜோடி) அடித்து கிக்கரில் (கையிலுள்ள இன்னொரு சீட்டில்) தோற்கும் கைகள் இவை.

சின்ன ஜோடிகளுக்குத் தனிக் கணக்கு. 4-4 வைத்துக்கொண்டு ஃபிளாப்பில் செட் (ஒரே எண்ணில் மூன்று) அடிக்கும் வாய்ப்பு 11.8 சதவீதம், எட்டரை முறைக்கு ஒருமுறை. அடித்த எல்லா முறையும் முழுப் பணம் வராது. ஆகவே நீங்கள் கால் செய்யும் தொகையைப்போல் 15 முதல் 20 மடங்காவது எதிராளி முன்னால் சிப் இருக்க வேண்டும். 15 டாலர் ரெய்ஸ் என்றால் அவரிடம் 225 முதல் 300. அவரிடம் 90 டாலர்தான் மீதி என்றால் 4-4ஐத் தூக்கிப் போடுங்கள்.

பிளஃப் (நல்ல கை இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் கட்டுவது) பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. எதிரே ஒரே ஒருவர், ஃபிளாப் கிங்-7-2 போல ஒட்டும் உறவும் இல்லாமல் விழுந்திருக்கிறது என்றால் ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். மூன்று பேர் இருக்கும் பாட்டில் பிளஃப் செய்வது, ஃபோல்ட் செய்யத் தெரியாதவரிடம் ஃபோல்ட் செய்யச் சொல்லிக் கேட்பது.

ஒரு கை, டாலர் கணக்கோடு

உங்களிடம் இஸ்பேட் ஏஸ், கிளாவர் கிங். எல்லோரிடமும் 300 டாலர். மூன்று பேர் 3 டாலர் போட்டு வந்திருக்கிறார்கள், பட்டனில் இருக்கும் நீங்கள் 25க்கு ரெய்ஸ். இருவர் கால். பாட்டில் 82 டாலர் (ரேக்கை, அதாவது கேசினோ பாட்டிலிருந்து எடுக்கும் கட்டணத்தை, இங்கே விட்டுவிடுவோம்).

ஃபிளாப்: ஹார்ட் கிங், ஹார்ட் 9, டைமண்ட் 4. இருவரும் செக் (பந்தயம் கட்டாமல் விடுகிறார்கள்). 50 போடுகிறீர்கள், ஒருவர் வருகிறார். பாட் 182. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) கிளாவர் 6. அவர் செக், நீங்கள் 110.

அவரிடம் இரண்டு ஹார்ட் இருக்கிறது, இன்னொரு ஹார்ட் விழுந்தால் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) என்று வைத்துக்கொள்வோம். 402 ஆகப்போகும் பாட்டுக்கு அவர் 110 போட வேண்டும். அந்தக் கால் கட்டுப்படியாக 27.4 சதவீத வாய்ப்பு தேவை. தெரியாத 44 சீட்டில் 9 ஹார்ட்; அவருக்கு இருப்பது 20.5 சதவீதம். அவர் கால் செய்த அந்தக் கணத்திலேயே சராசரியாக 28 டாலரை உங்கள் பக்கம் தள்ளிவிட்டார். ரிவரில் (கடைசிச் சீட்டில்) ஹார்ட் விழுந்தாலும் அந்த 28 டாலர் உங்களுடையதுதான், இன்னும் கைக்கு வரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஐந்தில் ஒருமுறை அந்த ஹார்ட் விழும். இரண்டு மணி நேரமாக செக், கால் தவிர வேறெதுவும் செய்யாத மனிதர் திடீரென்று மீதமிருக்கும் 115 டாலரையும் உள்ளே தள்ளுகிறார். இங்கேதான் பெரும்பாலானோர் ‘இவ்வளவு போட்டாச்சே’ என்று கட்டுகிறார்கள். ஹார்ட் விழும்போதெல்லாம் நீங்கள் அந்த 115ஐக் கட்டினால், டர்னில் சம்பாதித்த 28ல் 23 டாலருக்கு மேல் திரும்பிப் போய்விடுகிறது, மிஞ்சுவது 4 டாலர் சொச்சம். ஹார்ட் விழுந்தது துரதிர்ஷ்டம். 115 கட்டியது நீங்கள் எடுத்த முடிவு. வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டும் சேர்ந்து ‘ரிவரில் அடிச்சுட்டான்’ என்று ஒன்றாகிவிடும்.

கட்டுவதற்கு 18 சதவீதம் ஜெயித்தாலே போதுமே என்று கேட்கலாம். சரிதான். அடிக்கடி பிளஃப் செய்கிறவர் என்றால் கட்டத்தான் வேண்டும். ஆனால் சாதுவாக ஆடுகிறவர் டர்னிலோ ரிவரிலோ ரெய்ஸ் செய்தால், மூன்றாவது ஹார்ட் விழுந்ததும் முந்திக்கொண்டு பெரிய தொகையைத் தள்ளினால், ஒரே ஜோடியை மூடிவிடுங்கள் (ஃபோல்ட் செய்துவிடுங்கள்). இந்த விலைமேஜையில் இந்த ஒரே பழக்கம் மிச்சம் பிடிக்கும் பணம், நுணுக்கமான எந்த உத்தியும் கொண்டுவரும் பணத்தைவிடப் பெரியது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பொதுவாகக் கைவசம் இருக்க வேண்டிய எண்கள்: ஃபிளாப்பில் ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறைவு என்றால் இரண்டு சீட்டில் 35 சதவீதம், ஒரே சீட்டில் 19. இருபக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) 31, 17. நடுவே ஒரு சீட்டு வேண்டிய ஸ்ட்ரெய்ட்டுக்கு 16, 8. ஏஸ்-ஏஸ், கிங்-கிங் மோதினால் 82க்கு 18.

துரதிர்ஷ்டக் கணக்கில் எழுதக் கூடாதவை

நேரடி மேஜையில் கவனக்குறைவால் போகும் பணம் நிறைய. ஒரே ஒரு 25 டாலர் சிப்பை, வாய் திறக்காமல் முன்னால் வைத்தால் அது ரெய்ஸ் அல்ல, வெறும் கால். ரெய்ஸ் வேண்டுமென்றால் சிப்பைத் தொடுவதற்கு முன் ‘ரெய்ஸ்’ என்று சொல்லுங்கள். சொன்ன சொல் உங்களைக் கட்டும். சிப்பை இரண்டு தவணையாக முன்னே கொண்டுபோனால் முதல் தவணை மட்டுமே செல்லும்.

டீலருக்கு இடமோ வலமோ ஒட்டிய இருக்கை என்றால் உங்கள் சீட்டின்மேல் எப்போதும் ஒரு சிப்பை வையுங்கள். பாதுகாப்பில்லாத சீட்டை டீலர் தவறுதலாக இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. காட்டும் நேரத்தில் எதிராளி ‘ஃபிளஷ்’ என்று சொன்னதை நம்பிச் சீட்டை வீசாதீர்கள். மேஜையில் நிமிர்ந்து கிடக்கும் சீட்டுதான் பேசும், வாய் அல்ல. அவருடைய இரண்டு சீட்டையும் கண்ணால் பார்க்கும்வரை உங்களுடையதை விட வேண்டாம்.

பேட் பீட் ஜாக்பாட் உள்ள அறைகளில் இது இன்னும் முக்கியம். நான்கு ஒரே எண் போன்ற பெரிய கை தோற்றால், தோற்றவருக்கே பெரிய பங்கு போகும். ஆனால் இருவருமே கையிலுள்ள இரண்டு சீட்டையும் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. கை முடிவதற்குள் ஜாக்பாட்டைப் பற்றி வாய்விட்டால் சில இடங்களில் தகுதியே போய்விடும். விதிகள் சுவரிலோ மேலாளர் மேஜையிலோ எழுதியிருக்கும், உட்காருமுன் படித்துவிடுங்கள்.

ரேக்கும் அப்படித்தான். வேகாஸில் பாட்டில் 10 சதவீதம், ஓர் உச்சவரம்புவரை. அதற்கு மேல் ஜாக்பாட்டுக்கு ஒன்றிரண்டு டாலர். கலிஃபோர்னியா கார்டு ரூம்களில் சதவீதமாக எடுக்கச் சட்டம் விடாது, நிலையான தொகையாக எடுப்பார்கள். சின்னச் சின்னப் பாட்களை அது தின்றுவிடும். ஒரு கைக்குச் சராசரி 5 டாலர் போகிறது, மணிக்கு 30 கை, மேஜையில் 9 பேர் என்று வைத்தால் தலைக்கு மணிக்கு 16 டாலருக்கு மேல். யாரும் உங்களை அடிக்காமலேயே போகும் பணம் இது. சிப் குறைவதைப் பார்த்து ‘இன்று நேரம் சரியில்லை’ என்று முடிவு கட்டுமுன் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம் இறங்கலாம்

நன்றாக ஆடும் ஒருவர் மணிக்கு 6 பெரிய பிளைண்ட், அதாவது 18 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைப்போம். அது நல்ல வரவு. ஒரு மணி நேரத்தின் ஏற்ற இறக்கம் திட்டவிலக்கத்தில் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவில்) 45 பெரிய பிளைண்ட் என்று வைத்தால், ஐந்து மணி நேர செஷனில் அவருடைய எதிர்பார்ப்பு 30 பிளைண்ட், ஏற்ற இறக்கம் 100. பத்தில் ஏறக்குறைய நான்கு செஷன் அவர் நஷ்டத்தில்தான் எழுவார். நூறு மணி நேரம் ஆடிய பிறகும் மொத்தத்தில் நஷ்டத்தில் நிற்க 9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நூறு செஷனில் தொடர்ந்து ஐந்து தோல்வி ஒருமுறையாவது வர மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு. இதெல்லாம் ஜெயிக்கத் தெரிந்தவரின் கணக்கு.

மேஜை வேகமும் மனதைக் குழப்பும். மணிக்கு 30 கைதான் வரும். ஏஸ்-ஏஸ் 221 கைக்கு ஒருமுறை, சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு ஒன்று. அவ்வளவு நேரம் காத்திருந்து வந்த ஒன்று தோற்றால், அன்று முழுவதுமே பாழ் என்று தோன்றுவது இயல்பு. கிங்-கிங் வரும்போது ஒன்பது பேர் மேஜையில் வேறு யாரிடமாவது ஏஸ்-ஏஸ் இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்தை ஒட்டி. ஃபிளாப்புக்கு முன்னாலேயே எல்லாப் பணமும் உள்ளே போய் அப்படித் தோற்றால் அதில் திருத்த ஒன்றும் இல்லை.

எனவே பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். முறையாக ஆட நினைக்கிறவருக்கு 1/3க்கு 20 பை-இன் (ஒரு பை-இன் என்பது உட்காரும்போது வாங்கும் 300 டாலர் சிப்), 6,000 டாலர். சம்பளத்திலிருந்து பொழுதுபோக்காக ஆடுகிறவர் மாதத்துக்கு ஒரு தொகை வைத்து, அது தீர்ந்தால் அடுத்த மாதம்வரை போகாமல் இருந்தால் போதும். வாடகை, பிள்ளைகள் படிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. வரத் தொடங்கிவிட்டால் நீங்கள் தேட வேண்டியது உத்தி இல்லை, உதவி.

அடி விழுந்த அடுத்த பத்து நிமிடம்

இழந்த பாட்டைவிட, அதற்குப் பின் வரும் அரைமணி நேரம்தான் அதிகம் பறிக்கும். அதனால் இதை மட்டும் வரிசையாகச் செய்யப் பழகுங்கள்.

முதலில், பேசாதீர்கள். ‘அதை வச்சு எப்படிக் கால் பண்ணினீங்க’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். அவர் வெட்கப்பட்டு ஒழுங்காக ஆடத் தொடங்குவார், அல்லது எழுந்து போய்விடுவார். இரண்டுமே உங்களுக்கு நஷ்டம். ‘நைஸ் ஹேண்ட்’ என்று சொல்லிவிட்டுச் சீட்டைத் தள்ளுங்கள்.

அடுத்து எழுந்து நடங்கள். கழிப்பறை, தண்ணீர், வெளிக்காற்று, எதுவானாலும் சரி. ஒரு சுற்று முழுவதும் ஆடாமல் இருந்தால் போவது 4 டாலர் பிளைண்ட் மட்டும். திரும்பி வரும்போது தவறிய பிளைண்டைப் போடச் சொல்வார்கள், அல்லது பெரிய பிளைண்ட் உங்களிடம் வரும்வரை காத்திருக்கலாம். கொதிப்போடு செய்யும் ஒரு தவறான கால் 100 டாலர்.

நடக்கும்போது ஒரே கேள்வி: பணம் உள்ளே போனபோது முன்னால் இருந்தது யார்? நீங்கள் என்றால் அது வெறும் துரதிர்ஷ்டம், மறந்துவிடலாம். அவர் என்றால், அவருடைய ரெய்ஸ் முன்கூட்டியே எதையாவது சொன்னதா என்று யோசியுங்கள். இரண்டு பெரிய கைகள் மோதிக்கொண்டன, எப்படி ஆடியிருந்தாலும் பணம் போயிருக்கும் என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்தால் முழுதாக 300க்கு நிரப்புங்கள், இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்புங்கள். மீந்த 110 டாலரோடு உட்கார்ந்தால், செட் அடித்தாலும் 110தான் வரும். ‘போனால் போகட்டும்’ என்று ஏஸ்-6ஐ வைத்து எல்லாவற்றையும் தள்ளும் ஆசையும் அந்தச் சின்னக் குவியலோடுதான் வரும்.

இரண்டு பை-இன் போனால் அன்றைக்கு முடிந்தது. இந்த வரம்பை மேஜையில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. 600 டாலர் ரொக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, டெபிட் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிய கிங்-10ஐ இப்போது ஆடுகிறீர்களா? உங்களை அடித்தவரை மட்டும் குறிவைக்கிறீர்களா? விட்டதைப் பிடிக்க 2/5 மேஜையில் இடம் கேட்கலாமா என்று தோன்றுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், பணம் மீதி இருக்கிறதோ இல்லையோ, எழுந்துவிடுங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை

தேதி, இடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவோடு எழுந்தீர்கள். அமெரிக்காவில் வரி கட்டுகிறவருக்கு இது வெறும் பழக்கமல்ல. ஜெயித்தது வருமானம், தோற்றதைக் கழிக்கப் பதிவேடு வேண்டும். 2025ல் வந்த வரிச் சட்டப்படி, 2026 கணக்கிலிருந்து தோல்வியில் 90 சதவீதம் மட்டுமே கழிக்க முடியும்.

இன்னொரு பத்தி ஆல்-இன் (எல்லாச் சிப்பையும் உள்ளே வைத்த) கைகளுக்கு. 500 டாலர் பாட், பணம் உள்ளே போனபோது உங்களுக்கு 82 சதவீதம் என்றால் 410 என்று எழுதுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும். பக்கத்தில் உண்மையில் வந்தது 500 அல்லது 0. முப்பது, நாற்பது வரி சேர்ந்ததும் இரண்டு கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். சீட்டு உங்களிடமிருந்து உண்மையில் எவ்வளவு எடுத்தது என்று தெரியும். பலருக்கு அது நினைத்ததைவிடச் சிறிய தொகையாக இருக்கும். மிச்ச நஷ்டம் எங்கே என்று தேட, மூன்றாவதாக ஓர் எண்ணைக் குறித்து வாருங்கள்: ஃபிளாப்புக்கு முன் 15 டாலருக்குக் கால் செய்துவிட்டு, ஃபிளாப் பார்த்ததும் எத்தனை முறை மூடினீர்கள்? ஐந்து மணி நேரத்தில் அவசியமில்லாத ஆறு முறை என்றால் 90 டாலர், 30 பெரிய பிளைண்ட். மணிக்கு 6 பிளைண்ட் சம்பாதிக்கும் அந்த நல்ல ஆட்டக்காரரின் முழு செஷன் வரவும் அதேதான்.